ஐந்து லட்சத்தில் பழைய ஃபோர்வீல் ஜீப்: எதைப் பார்த்து வாங்குவது?

கேட்டவர் சொன்னதைச் சுருக்கினால் இதுதான். கையில் ஐந்து லட்சம் இருக்கிறது. வீடு கோவையில், வண்டி நிறுத்த ஒரு கொட்டகை உண்டு, தினமும் வேலைக்குப் போக வேறு கார் இருக்கிறது. பழைய ஃபோர்வீல் டிரைவ் வண்டி ஒன்றை வாங்கி, சனி ஞாயிறுகளில் தானே உட்கார்ந்து சரிசெய்து, அப்புறம் மலைப்பக்கம் ஓட்ட ஆசை. மாருதி ஜிப்ஸியா, மஹிந்திரா ஜீப்பா, மிட்சுபிஷி பஜேரோவா என்று ஒரு வருடமாகத் தேடுகிறார், எதிலும் மனது நிற்கவில்லை. "எது நல்ல வண்டி?" என்று கேட்டிருக்கிறார். ஆனால் புராஜெக்ட்டுக்கு என்று வாங்குகிற வண்டி கோளாறோடுதான் வரும். எந்தக் கோளாறோடு வந்தால் வாங்கலாம், எதைக் கண்டால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நடையைக் கட்ட வேண்டும் என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டியது. அதற்கே பதில் சொல்கிறேன்.

நான் பொள்ளாச்சிப் பக்கம் பட்டறை வைத்திருப்பவன். ஸ்பிரிங் பட்டை வைத்த ஜீப், எஸ்டேட் வண்டி, ஜிப்ஸி இவைதான் என் பிழைப்பு. கம்ப்யூட்டர் வைத்த டீசல் வண்டி வந்தால் பார்க்கிற வரை பார்த்துவிட்டு, தெரிந்தவரிடம் அனுப்பிவிடுவேன். ஆகவே பஜேரோ, சஃபாரி பற்றி நான் சொல்வதை வெளியே நின்று பார்த்தவன் சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள். ஜீப், ஜிப்ஸி பற்றிச் சொல்வதைக் கை அழுக்கான கணக்கில் சேர்க்கலாம்.

சென்னை புதுப்பேட்டையிலும் நம் உக்கடத்திலும் தேடினால் ஜீப்புக்கு எல்லாம் கிடைக்கும். இன்ஜின், கியர் பாக்ஸ், ஹவுசிங் (சக்கரங்களை இணைக்கும் அச்சுக் கூடு), பானட், கதவு, சீட்டு, ஏன், முழு பாடியே கிடைக்கும். கிடைக்காத பொருள் இரண்டுதான்: ஒழுங்கான ஆர்.சி. (பதிவுச் சான்று), ஒழுங்கான சேஸ் (வண்டியின் அடிச்சட்டம்). இந்த இரண்டும் சுத்தமாக இருந்து மற்றதெல்லாம் குப்பையாக இருந்தாலும் வாங்கலாம். மற்றதெல்லாம் பளபளவென்று இருந்து இந்த இரண்டில் ஒன்று சந்தேகமாக இருந்தாலும் வாங்கக்கூடாது. நான் பார்த்தவரை ஏமாந்தவர்களில் பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்தவர்கள். பெயின்ட்டையும் டயரையும் பார்த்து அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, காகிதத்தைக் கடைசியில் விரித்தவர்கள்.

அதனால் காகிதத்திலிருந்தே வருகிறேன். விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது வண்டி எண். மத்திய அரசின் பரிவாகன் தளத்தில் போட்டால் வண்டி எந்த வகுப்பில் பதிவாகியிருக்கிறது, பதிவு எதுவரை செல்லும், இன்ஷூரன்ஸ் எதுவரை, கடன் பாக்கி பதிவாகியிருக்கிறதா என்பதெல்லாம் பெரும்பாலும் தெரிந்துவிடும். பழைய கடனை அடைத்தும் ஆர்.சி.யில் பைனான்ஸ் பெயர் நீக்காமல் கிடக்கிற வண்டிகள் நிறைய. அதை நீக்கப் படிவம் 35-உம் பைனான்ஸ் கம்பெனியின் சான்றும் வேண்டும். அந்தக் கம்பெனி மூடி இருபது வருடம் ஆகியிருந்தால் யாரிடம் போய்க் கையெழுத்து வாங்குவது? அது விற்பவரின் தலைவலி. "நீங்கள் நீக்கித் தாருங்கள், அப்புறம் பேசுவோம்" என்று சொல்லிவிடுங்கள்.

சொந்த வண்டிக்குப் பதிவு 15 வருடம். அதற்குப் பின் எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டி ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலிலிருந்து காருக்கான புதுப்பிப்புக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 2025 ஆகஸ்டில் வந்த திருத்தத்தில் 20 வருடம் தாண்டிய கார்களுக்கு 10,000 ஆக்கிவிட்டார்கள். நாள் தவறினால் மாதத்துக்கு 500 ரூபாய் தனி. இதற்கு மேல் பசுமை வரி இருக்கிறது. தொகை பெரிதில்லை, ஆனால் பதிவு செத்துப் பல வருடம் ஆன வண்டியை "எஃப்.சி. எடுத்துக்கலாம் சார், ஒண்ணும் பிரச்சினை இல்லை" என்று சொல்லி விற்பார்கள். பிரச்சினை இல்லையென்றால் அவரே எடுத்திருப்பார், எடுத்துக் கூடுதலாக ஒரு லட்சம் சொல்லியிருப்பார்.

அடுத்தது மஞ்சள் போர்டு. போடி, கம்பம் பக்கமிருந்து ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிய ஜீப், இடுக்கியில் சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குச் சுற்றுலா ஏற்றிய ஜீப் எல்லாம் விற்பனைக்கு வரும். அவை வாடகை வண்டிகளாகப் பதிவானவை. பெர்மிட்டைச் சரண் செய்து, வரி வித்தியாசத்தைக் கட்டி, சொந்த வண்டியாக மாற்றினால்தான் உங்களுக்குப் பயன். கேரளப் பதிவு என்றால் அங்கிருந்து என்.ஓ.சி. (தடையின்மைச் சான்று), இங்கே மீண்டும் வரி, புது எண் என்று நீளும். வண்டி மலையில் உழைத்தது என்பதற்காக நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். அந்த டிரைவர்கள் வண்டியைக் கெடுப்பதில்லை, தினமும் அதில்தான் சோறு. ஆனால் சேஸைப் பல தடவை வெல்டிங் வைத்திருப்பார்கள்.

டெல்லி வண்டிகள் தனிக் கதை. அங்கே டீசலுக்குப் பத்து வருடம், பெட்ரோலுக்குப் பதினைந்து வருடம் என்ற தடை வந்ததிலிருந்து வட இந்திய வண்டிகள் தெற்கே மலிவாக இறங்குகின்றன. வண்டி நன்றாகவே இருக்கலாம். ஆனால் இங்கே உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகம் அந்த என்.ஓ.சி.யை ஏற்றுப் பதிவு செய்து தரும் என்று அங்கேயே போய்க் கேட்டு உறுதி செய்யாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். புரோக்கர் சொல்வது உறுதி ஆகாது.

மண்டி தப்வாலி என்ற பெயரை வீடியோக்களில் கேட்டிருப்பீர்கள். ஹரியானா, பஞ்சாப் எல்லையில் இருக்கிற ஊர். திறந்த ஜீப்புகளைப் புதிதுபோலக் கட்டித் தருவதற்குப் பேர் போனது. கைவேலை அருமையாக இருக்கும், அதில் எனக்குப் பொறாமைகூட உண்டு. ஆனால் அப்படிக் கட்டிய ஜீப்பின் இன்ஜின் ஒரு வண்டியிலிருந்தும், சேஸ் இன்னொன்றிலிருந்தும், ஆர்.சி. எப்போதோ உடைத்துப்போட்ட மூன்றாவது வண்டியிலிருந்தும் வந்திருக்க வாய்ப்புண்டு. அதை இங்கே கொண்டுவந்து மறுபதிவுக்கு நிறுத்தினால் சிக்கல்தான்.

ராணுவக் கழிவு வண்டிகளையும் கேட்டிருந்தீர்கள். ஏலத்தில் எடுத்தவரிடமிருந்து வருகிற ஜிப்ஸியோ, ஜபல்பூரில் 1999 வரை கட்டிய ஜோங்காவோ ஏற்கெனவே பொதுப் பதிவு எண் வாங்கி ஓடிக்கொண்டிருந்தால் மற்ற வண்டிபோலப் பார்க்கலாம். ஏலக் கடிதம் மட்டும் இருக்கிறது, "நீங்களே பதிவு பண்ணிக்கோங்க" என்றால் முதல் புராஜெக்ட்டுக்கு அது வேண்டாம். வனத்துறை, போலீஸ் ஜீப்புகளை ஏலத்தில் எடுத்து ஓட்டிய காலம் ஒன்று இருந்தது. 2023 ஏப்ரல் 1 முதல் 15 வருடம் கடந்த அரசு வண்டிகளுக்குப் பதிவைப் புதுப்பிப்பதில்லை, உடைக்கத்தான் போகின்றன. ராணுவத்துக்கும் சட்டம் ஒழுங்குப் பணிக்கான சிறப்பு வண்டிகளுக்கும் விலக்கு உண்டு என்றாலும், "டிபார்ட்மென்ட் வண்டி, இப்போதான் ஏலத்துல எடுத்தோம்" என்று யாராவது பழைய ஜீப் காட்டினால் இரண்டு தடவை யோசியுங்கள்.

சரி, வண்டிக்குப் போவோம். ஒரு பழைய துணி, எமரி பேப்பர், டார்ச், கூர் ஸ்குரூடிரைவர், சின்னச் சுத்தியல், ஜாக்கி, வெள்ளைத் தாள், பென்சில் கொண்டு போங்கள். முதலில் சேஸ் நம்பர். எங்கே குத்தியிருக்கும் என்பது மாடலுக்கு மாடல் மாறும், விற்பவரையே காட்டச் சொல்லுங்கள். கிரீஸையும் பெயின்ட்டையும் துடைத்து, மெதுவாகத் தேய்த்து, தாளை வைத்துப் பென்சிலால் அச்சு எடுங்கள். ஆர்.டி.ஓ. வேலைக்கு எடுப்பதும் இப்படித்தான். எழுத்தெல்லாம் ஒரே ஆழத்தில், ஒரே வரிசையில் இருக்கிறதா, சுற்றிலும் இரும்பு அரைத்த தடம் இருக்கிறதா, தகடு ஒட்டி வெல்டிங் செய்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். துருவில் ஓரிரண்டு எழுத்து மங்கியிருந்தால் அது வயது. எல்லா எழுத்தும் புத்தம் புதிதாக, பக்கத்து இரும்பு மட்டும் பழையதாக இருந்தால் கிளம்பிவிடுங்கள்.

பிறகு கீழே படுங்கள். சேஸ் முழுவதும் கறுப்பு அண்டர்கோட் புதிதாக அடித்திருந்தால் சந்தோஷப்படாதீர்கள், அதைத் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு "டிங்" என்று மணிபோலச் சொல்லும், உள்ளே அரித்த இரும்பு "டப்" என்று செத்த சத்தம் போடும். பட்டையைத் தாங்குகிற ஷாக்கிள் பிராக்கெட்டுகள், பாடி உட்காரும் மவுன்ட்டுகள், ஸ்டியரிங் பாக்ஸ் பூட்டியிருக்கும் இடம், பின்பக்கக் குறுக்குச் சட்டம் இந்த நான்கிலும் ஸ்குரூடிரைவர் முனையை அழுத்திக் குத்திப் பாருங்கள். முனை உள்ளே போனால் அந்த வண்டியின் விலை பாதி. ஸ்டியரிங் பாக்ஸ் அருகே விரிசல் இருந்தாலோ, சேஸ் ஒரு பக்கம் வளைந்திருந்தாலோ விலையே பேசத் தேவையில்லை. பிளேட் வைத்து நேர்த்தியாகப் போட்ட பழைய வெல்டிங் ஒன்றிரண்டு இருப்பது மலை ஜீப்பில் சகஜம், அதற்காகப் பயப்பட வேண்டாம். தூத்துக்குடி, நாகப்பட்டினம் மாதிரிக் கடலோரத்தில் கிடந்த வண்டியையும், வால்பாறை மழையில் வெளியே நின்ற வண்டியையும் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். ஈரோடு, கரூர் பக்கம் காய்ந்த ஊரில் நின்ற வண்டி என்றால் பெயின்ட் வெளுத்திருந்தாலும் இரும்பு நன்றாக இருக்கும்.

ஃபோர்வீல் உண்மையிலேயே ஃபோர்வீல்தானா என்பது அடுத்த சோதனை. மஹிந்திரா ஜீப்புகளில் டூவீல் டிரைவாகக் கம்பெனியிலிருந்து வந்து, பின்னால் கழிவு வண்டியின் முன் ஹவுசிங்கையும் டிரான்ஸ்ஃபர் கேஸையும் (இன்ஜின் சக்தியை முன்னும் பின்னும் பிரித்துத் தரும் பெட்டி) மாட்டி "ஃபோர்வீல்" ஆனவை ஏராளம். இதில் இரண்டு பிரச்சினை. ஒன்று, அது ஆர்.சி.யில் இல்லாத மாற்றம். மற்றொன்று, முன் ஹவுசிங்கின் கிரௌன் பினியன் கணக்கும் (பற்சக்கர விகிதம்) பின் ஹவுசிங்கின் கணக்கும் ஒத்துப்போகாமல் இருக்கலாம். ஒத்துப்போகாத வண்டியில் ஃபோர்வீல் போட்டால் முன்னும் பின்னும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு டயரையும் ஜாயின்ட்டையும் தின்றுவிடும்.

இதைக் கண்டுபிடிக்கப் பிரிக்க வேண்டியதில்லை. சமதரையில் நிறுத்தி, தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். பழைய ஜீப்களில் பலவற்றில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை, டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால், ஹவுசிங்குக்குப் போகும் ஷாஃப்ட்டில் இருக்கும். அப்படிப்பட்ட வண்டியில் ஒரு பின் சக்கரத்தைத் தூக்கினால் ஹேண்ட் பிரேக் போட்டிருந்தும் வண்டி உருளும். கல் வைக்காமல் ஜாக்கி போடவே கூடாது, அடியில் ஸ்டாண்டு வைக்காமல் தலையை உள்ளே விடவும் கூடாது. இப்போது ஒரு முன் சக்கரத்தைத் தூக்கி, ஃப்ரீ வீலிங் ஹப் (சக்கரத்தை அச்சோடு சேர்க்கவும் விடுவிக்கவும் சக்கர நடுவில் இருக்கும் பூட்டு) இருந்தால் இரண்டு பக்கமும் லாக் செய்து, லீவரை டூவீலில் வையுங்கள். டயரிலும் முன் ஷாஃப்ட்டிலும் சாக்பீஸ் கோடு போட்டு, சக்கரத்தைக் கையால் சரியாக இரண்டு சுற்று சுற்றுங்கள், ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றியது என்று கூட இருப்பவர் எண்ணட்டும். பின்பக்கமும் ஒரு சக்கரத்தைத் தூக்கி, ஹேண்ட் பிரேக்கை விட்டு, கியரை நியூட்ரலில் வைத்து அதையே செய்யுங்கள். இரண்டு எண்ணும் ஒன்றாக வர வேண்டும். அரைச் சுற்று வித்தியாசம் வந்தால் ஹவுசிங் ஜோடி மாறிய வண்டி.

அதே நேரத்தில் ஹப்பையும் பார்த்துவிடலாம். லாக் செய்தும் சக்கரம் மட்டும் சுற்றி ஷாஃப்ட் சும்மா நின்றால் ஏதாவது ஒரு ஹப்பின் உள்ளே பல் போயிருக்கும். ஃபோர்வீல் லீவர் அழகாக விழும், முன் சக்கரம் ஒன்றும் செய்யாது. சேற்றில் மாட்டிய பிறகுதான் தெரியும்.

டெஸ்ட் டிரைவை இரண்டாகச் செய்யுங்கள். தார்ச்சாலையில் டூவீலில் மட்டும். இந்த வண்டிகளில் முன், பின் சக்கரங்களை வேறு வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியல் நடுவில் கிடையாது, காய்ந்த தாரில் ஃபோர்வீல் போட்டு வளைத்தால் எல்லாம் இறுகும். விற்பவர் தார்ச்சாலையிலேயே ஃபோர்வீல் போட்டுக் காட்டினால் அவர் வண்டியை எப்படி வைத்திருந்தார் என்று புரிந்துகொள்ளலாம். மண் சாலைக்குப் போய் லோ ரேஞ்சில் (மெதுவான, இழுவை அதிகமான கியர்) ஒரு மேட்டை ஏறுங்கள், ஏறும்போதே ஆக்ஸிலரேட்டரை விட்டுப் பிடித்து விட்டுப் பிடித்துப் பாருங்கள். இறக்கத்தில் கியரிலேயே இறங்குங்கள். லீவர் தானாக எகிறி வெளியே வந்தால் டிரான்ஸ்ஃபர் கேஸ் பிரிக்க வேண்டும். அது செலவுதான், ஆனால் முடிகிற செலவு. நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு குழி ஏறியதும் ஸ்டியரிங் கையில் நிற்காமல் ஆடுகிறதா? ஜீப்பிலும் ஜிப்ஸியிலும் முன் சக்கரத்துக்கு உள்ளே இருக்கும் உருண்டையின் கிங் பின் பேரிங் தேய்ந்ததாக இருக்கலாம், டை ராட் முனைகளாக இருக்கலாம், டயர் பேலன்ஸாகவே இருக்கலாம். ஓட்டிப் பார்த்து இதுதான் என்று அடித்துச் சொல்ல யாராலும் முடியாது. உருண்டையிலிருந்து கிரீஸ் கசிந்து சக்கரத்தின் உள்பக்கம் தூசி அப்பியிருந்தால் சீல் போய்விட்டது, அதுவரை நிச்சயம்.

இன்ஜினைப் பற்றியும் அப்படித்தான். திறக்காமல் பார்த்து ஒரு மெக்கானிக் சொல்வது பாதிதான் சரியாக இருக்கும், நானும் அதில் அடக்கம். ஆனால் சில அறிகுறிகள் பொய் சொல்லாது. நீங்கள் போகும்போது இன்ஜின் ஆறிக் கிடக்க வேண்டும். பானட்டைத் தொட்டால் சூடாக இருந்தால், "காலையிலதான் கடைக்குப் போய்ட்டு வந்தேன்" என்றால், இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லுங்கள். ஆறிய டீசல் இன்ஜின் கிளம்பும்போது கொஞ்சம் புகை விடும், சூடானதும் நிற்க வேண்டும். நிற்காமல் நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது. வெள்ளையாக, விடாமல் வந்து ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்பட வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றுங்கள். லேசான ஆவி பரவாயில்லை, குபுகுபுவென்று புகை தள்ளினால் ரிங்கும் போரும் போய்விட்டன. இதெல்லாம் விலையைக் குறைக்க உதவும் கோளாறுகள். ரீபோர் (சிலிண்டரைக் கடைந்து சரிசெய்வது) செய்வதற்குக் கோவையைவிடத் தோதான ஊர் கிடையாது, லேத்துக்கும் ஆளுக்கும் பஞ்சமில்லை.

இனி எந்த வண்டி என்பது. ஜிப்ஸி 1985 கடைசியில் 970 சிசி இன்ஜினோடு வந்தது. 1996-இல் 1.3 லிட்டர் ஜிப்ஸி கிங், 2000-இல் அதற்குக் கார்புரேட்டர் இல்லாத எம்.பி.எஃப்.ஐ. இன்ஜின், 80 குதிரைத்திறன். அந்தக் கடைசி இன்ஜின் எஸ்டீம் காரில் இருந்த அதே குடும்பம், அதனால் பார்ட்ஸ் பயம் இல்லை. வண்டி ஏறக்குறைய ஒரு டன்தான், சேற்றில் பெரிய வண்டிகள் புதைகிற இடத்தில் இது மிதந்து போகும். பழைய 970 சிசி ஜிப்ஸியில் (எம்.ஜி. 410) எஸ்டீம் இன்ஜின் மாற்றியவை அதிகம், இன்ஜின் நம்பரை ஆர்.சி.யோடு ஒப்பிட மறக்காதீர்கள். கார்புரேட்டர் வண்டி என்றால் பெட்ரோல் ஹோஸ் எல்லாம் புதிதாக மாற்றுங்கள், இப்போது பங்கில் வருகிற எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை இளக்கிவிடும். டைமிங் பெல்ட்டை எப்போது மாற்றினார்கள் என்று விசாரிக்கவே வேண்டாம், வாங்கியவுடன் மாற்றுங்கள். ஜிப்ஸியின் பலவீனம் தகடு. தரைத்தகடும் கண்ணாடிச் சட்டமும் துருப்பிடித்தால் டிங்கரிங் செலவு ஓடிக்கொண்டே இருக்கும். பின்னால் உட்காருகிறவர் உங்களைத் திட்டுவார், அதற்கு மருந்து கிடையாது.

மஹிந்திரா ஜீப் வேறு மாதிரி. அமெரிக்க வில்லிஸ் ஜீப் வம்சத்து வண்டி, தகடெல்லாம் தட்டை. பக்கத்துத் தெரு டிங்கரே ஷீட் வெட்டி மடக்கி பேனல் செய்துவிடுவார், நீங்களும் பழகலாம். எம்.எம். 540-இல் 2112 சிசி பியூஜோ டீசல், 550-இல் 2498 சிசி. இரண்டும் மஹிந்திராவின் டி.ஐ. (டைரக்ட் இன்ஜெக்ஷன்) இன்ஜினைவிட மென்மையாக ஓடும், ஆனால் சூடேறவிட்டால் ஹெட் தாங்காது. மேஜர், கமாண்டர் வண்டிகளில் வந்த டி.ஐ. இன்ஜின் சத்தமும் அதிர்வும் அதிகம், ஆனால் ரோட்டோர மெக்கானிக்கூடச் சரிசெய்வார். பவர் ஸ்டியரிங் இல்லை, பிரேக் டிரம், அறுபதைத் தாண்டினால் வண்டியே வேண்டாம் என்று சொல்லும். இதில் கோவையிலிருந்து சென்னைக்குப் போகிற கனவு இருந்தால் விட்டுவிடுங்கள்.

2010-இல் வந்த மஹிந்திராவின் தார் சி.ஆர்.டி.இ. (கம்ப்யூட்டர் வைத்த டீசல்) 105 குதிரைத்திறன், ஓட்ட நன்றாக இருக்கும். ஆனால் உங்கள் ஐந்து லட்சத்தில் கிடைக்கும் தார் ஏதோ காரணத்தால்தான் அந்த விலைக்கு வந்திருக்கும். ஃபோர்ஸ் கூர்க்காவில் முன்னும் பின்னும் டிஃப் லாக் (ஒரு சக்கரம் வழுக்கினாலும் மற்றதையும் சேர்த்துச் சுற்றவைக்கும் பூட்டு) கம்பெனியிலிருந்தே வந்தது, அது பெரிய விஷயம். நம் பக்கம் விற்பனைக்கு வருவது குறைவு. பஜேரோ எஸ்.எஃப்.எக்ஸ். திருவள்ளூரிலேயே கட்டிய வண்டி, 2.8 லிட்டர் டர்போ டீசல், இன்றைக்கும் அதன் உட்காரும் சுகம் தனி. விலை இறங்கியிருப்பதைப் பார்த்து ஆசை வரும். வண்டி விலைதான் இறங்கியிருக்கிறது, பார்ட்ஸ் விலை இறங்கவில்லை. முதல் புராஜெக்ட்டுக்கு அதை நான் சொல்லமாட்டேன். பஜேரோவிலேயே கைதேர்ந்த மெக்கானிக் உங்களுக்கு நெருங்கியவராக இருந்தால் என் பேச்சைத் தள்ளிவிடலாம்.

ஆகவே உங்களுக்கு என் தேர்வு: ஓட்டுவதில் ஆசை அதிகம் என்றால் 2000-க்குப் பிந்தைய ஜிப்ஸி கிங். கழற்றிப் பூட்டுவதில் ஆசை அதிகம் என்றால் ஆர்.சி.யிலேயே ஃபோர்வீல் மாடலாக இருக்கும் டி.ஐ. மஹிந்திரா. நீங்கள் எழுதியதைப் படித்தால் இரண்டாவது ஆள் மாதிரித் தெரிகிறது.

பணத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஐந்தில் மூன்றுக்கு மேல் வண்டிக்குப் போகக்கூடாது. டயர் ஐந்து, பிரேக், பேட்டரி, வயரிங், ஒரு கியர் பாக்ஸ் வேலை என்று வந்தாலே மீதி இரண்டு கரைந்துவிடும். பெயின்ட்டுக்கு அதில் காசு இருக்காது, இருக்கவும் வேண்டாம். எல்லோரும் முதலில் பெயின்ட் அடிப்பார்கள், அப்புறம் வெல்டிங் வைக்க அதையே கருக்குவார்கள். வீல் சிலிண்டர், பிரேக் ஹோஸ், மாஸ்டர் சிலிண்டர் முதலில். அடுத்து ஸ்டியரிங், டயர். பிறகு ரேடியேட்டரும் தண்ணீர் வழிகளும். அதன் பின் இன்ஜின், ஃபோர்வீல் சாமான். ஒரு நேரத்தில் ஒரு பாகத்தை மட்டும் கழற்றுங்கள், அது பூட்டி வண்டி ஓடிய பிறகு அடுத்தது. முழுவதும் பிரித்துச் சாக்கில் கட்டிப்போட்ட ஜீப்புகள் எத்தனை கொட்டகைகளில் கிடக்கின்றன என்று உங்களுக்கே தெரியும், அப்படி விற்பனைக்கு வருவதைத்தானே ஒரு வருடமாகப் பார்க்கிறீர்கள்.

உயர்த்திக் கட்டுவது, பெரிய டயர், முன் இரும்பு பம்பர் பற்றி நீங்கள் கேட்கவில்லை. கேட்கப் போகிறீர்கள் என்பதால் இப்போதே. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 கம்பெனி சொன்ன அளவிலிருந்து மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று பிரிவு 182ஏ-இல் இருக்கிறது. கிராஷ் கார்டுக்கு (முன் இரும்பு பம்பர்) எதிராக மத்திய அரசு 2017 கடைசியிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. ரோட்டில் எத்தனையோ வண்டி அப்படி ஓடுகிறதே என்பீர்கள். ஓடுகிறது. விபத்து நடந்து இன்ஷூரன்ஸ்காரர் படம் எடுக்க வரும் நாளில்தான் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கும். அதே ரக இன்ஜினை அனுமதி வாங்கி மாற்றி ஆர்.சி.யில் ஏற்றலாம், அது நேர்வழி.

தேடும் இடத்தைப் பற்றி ஒன்று. செயலிகளில் வருவது ஏற்கெனவே நாலு புரோக்கர் பார்த்துத் தள்ளிய வண்டி. எஸ்டேட் மேலாளர்கள், தோட்டம் வைத்திருப்பவர்கள், பழைய ஜீப் பழுதுபார்க்கும் பட்டறைகள் இங்கே சொல்லி வையுங்கள். நல்ல ஜீப் பெரும்பாலும் விளம்பரத்துக்கு வருவதற்கு முன்பே கை மாறிவிடுகிறது. மழைக்காலத்தில் பாருங்கள், ஒழுகும் இடமெல்லாம் தானாகத் தெரியும்.

பேசி முடிந்தால், பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் ஆர்.சி.யில் பெயர் இருப்பவரே உங்கள் முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். நடுவில் இரண்டு கை மாறி, பெயர் மாற்றாமல் வந்த வண்டி என்றால் அந்த முதல் ஆளைப் பார்க்காமல் பணம் கூடாது. அதே மாநிலத்துக்குள் என்றால் விற்றவர் 14 நாளில் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும், வாங்கிய உங்களுக்கு 30 நாள். பணத்தை வங்கி வழியாகக் கொடுங்கள். வண்டியை எடுக்கும் அன்று தேதியோடு மணியும் எழுதி டெலிவரி நோட் போட்டு, இரண்டு பேரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் காலாவதி ஆகியிருந்தால் அதை எடுத்த பிறகே சாவியை வாங்குங்கள், அதுவும் முடியாவிட்டால் வண்டியை லாரியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்.